எட்டாத இடத்துச் சாட்சி

மனசாட்சி பற்றிப் பேச்சு வந்தால் நாம் உடனே பெரிய சந்தர்ப்பங்களைத் தேடிப் போய்விடுகிறோம். தூக்குமேடை, யுத்தகளம், சித்திரவதைக் கூடம், நண்பனைக் காட்டிக் கொடுக்கச் சொல்லும் அதிகாரி. படித்துப் படித்து ஏற்பட்ட பழக்கம் இது. நம்மில் பெரும்பாலோருக்கு இந்தச் சந்தர்ப்பங்கள் ஒருபோதும் வாய்க்கப் போவதில்லை என்பதால் இவற்றைப் பற்றி யோசிப்பதில் ஒரு சௌகரியமும் உண்டு. என்னைச் சிரமப்படுத்திய சந்தர்ப்பம் இவ்வளவு கௌரவமானதல்ல. புதுப்பட்டினத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், தகரக் கொட்டகை போட்ட ஒரு ஒர்க்ஷாப்பில், ஒரு பழைய பிக்கப் வண்டியின் அடியில் அது நடந்தது.

வண்டி எங்கள் தெருக்காரர் ஒருவருடையது. மூன்றாவது கையாக வாங்கியது. இந்தச் சாலையில் ஓடும் பிக்கப்புகள் பெரும்பாலும் டீசல், இது பெட்ரோல். குப்பத்திலிருந்து மீன் பெட்டிகளை ஐஸ் போட்டு ஏற்றிக்கொண்டு நள்ளிரவுக்கு மேல் கிளம்புவார். விடிவதற்குள் சென்னையில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புவார். காலி வண்டியில் என் புத்தகக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்து வருவதுண்டு. அப்படி ஒருநாள் கோவளம் தாண்டியதும் டாஷ்போர்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சிறு விளக்கு எரிந்தது. இன்ஜின் வடிவம் போட்ட விளக்கு. பெட்ரோல் வாடையும் வந்தது. “நாலு நாளா வந்து வந்து போவுது சார்” என்றார். அன்று அது போகவில்லை.

மெக்கானிக் ஐம்பது வயதைத் தாண்டியவர். ஸீட்டைத் தூக்கி, ஒரு சின்னக் கருவியை வண்டியில் செருகிப் பார்த்துவிட்டு, பிறகு கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ஆக்ஸிஜன் சென்ஸார் போயிடுச்சு. மாத்தலாம். ஆனா அது இருக்கிற இடம் சரியில்ல. மேலேந்து கை போவாது. கீழேந்து ஸ்பானர் திரும்பாது. சைலன்ஸர் பைப்பை இறக்கணும். உப்புக் காத்துல மரை வேற பிடிச்சிருக்கும். எவ்ளோ நேரம் ஆவும்னு இப்ப சொல்ல முடியாது.” கொஞ்சம் நிறுத்தி, “இல்லாட்டி அஞ்சு நிமிஷ வேலை ஒண்ணு இருக்கு தம்பி. பல்பைப் புடுங்கிடறேன். வண்டி பாட்டுக்கு ஓடும்” என்றார்.

வண்டிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “சார், நீங்க படிச்சவங்க. நீங்க சொல்லுங்க.”

நான் சொல்லிவிட்டேன். என்ன சொன்னேன், அதற்கு யார் என்ன கொடுத்தார்கள் என்பதற்கு வருமுன், பிடுங்கலாம் என்று அவர் சொன்னது எதை என்று பார்க்க வேண்டும்.

பெட்ரோல் சரியாக எரிய அதன் எடையைப்போலச் சுமார் 14.7 மடங்கு எடையுள்ள காற்று வேண்டும். பெட்ரோல் கூடினால் கார்பன் மோனாக்ஸைடும் எரியாத எண்ணெயாவியும் வெளியே வரும். காற்று கூடினால், புகைக்குழாயில் இருக்கும் வினையூக்கியால் நைட்ரஜன் ஆக்ஸைடுகளை மாற்ற முடியாமல் போகும். மூன்று நஞ்சையும் அது ஒருசேரக் குறைப்பது இந்த விகிதத்தை ஒட்டிய மிகக் குறுகிய எல்லைக்குள்தான். எல்லைக்குள் இருக்கிறோமா என்று இன்ஜினுக்குச் சொல்வது ஆக்ஸிஜன் சென்ஸார். உருவத்தில் ஸ்பார்க் பிளக்கின் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே ஸிர்கோனியா என்ற பீங்கான். அதன் ஒரு பக்கம் எரிந்த புகை, மறு பக்கம் வெளிக்காற்று. முந்நூறு டிகிரிக்கு மேல் சூடேறியதும், இரு பக்கங்களிலும் ஆக்ஸிஜன் எவ்வளவு வித்தியாசப்படுகிறதோ அதற்கேற்ப அது மின்னழுத்தம் காட்டுகிறது. புகையில் ஆக்ஸிஜன் இல்லாவிட்டால் சுமார் 0.9 வோல்ட், மீந்திருந்தால் சுமார் 0.1 வோல்ட். இதன் அடிப்படைச் சூத்திரத்தை வால்ட்டர் நெர்ன்ஸ்ட் 1889இல் வகுத்தார். ஜெர்மனியின் பாஷ் கம்பெனி இந்த சென்ஸாரைத் தயாரித்து, 1976இல் ஸ்வீடனின் வால்வோ கார்களில் அது முதலில் பொருத்தப்பட்டது. இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உள்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி கட்டாயமாயிற்று. ஈயம் கலந்த பெட்ரோல் வினையூக்கியையும் சென்ஸாரையும் கொன்றுவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலும் அப்போதே வந்தது.

இந்தக் கருவியின் சுபாவத்தில் இரண்டு விஷயங்கள் என்னை யோசிக்க வைத்தன. ஒன்று, அது எவ்வளவு என்று சொல்வதில்லை. எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்கிறது. கூடுகிறது என்றால் இன்ஜின் பெட்ரோலைக் குறைக்கும். உடனே குறைகிறது என்று சொல்லும், இன்ஜின் கூட்டும். நல்ல நிலையில் இருக்கும் சென்ஸாரின் வோல்ட் ஓயாமல் மேலும் கீழும் ஊசலாடிக்கொண்டிருக்கும். ஒரே எண்ணில் நின்றுவிட்டால் அது செத்துவிட்டது, அல்லது இன்ஜினில் வேறெங்கோ கோளாறு. சரியான இடம் என்று ஒன்றில் போய் உட்கார்ந்துகொள்வது அதற்கு வாழ்க்கையில்லை. மற்றது, உள்ளே நடப்பதைச் சொல்ல அதற்கு வெளிக்காற்று வேண்டும். ஒப்பிடுவதற்கு வெளியே ஒன்று இல்லாவிட்டால் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் இல்லாவிட்டால் வோல்ட் இல்லை. அந்த வெளிக்காற்று பெரும்பாலான சென்ஸார்களுக்குள் போவது, ஒயரின் உறைக்குள் இருக்கும் மெல்லிய இடைவெளி வழியாக. மெக்கானிக்குக் காரணம் தெரியாது. ஆனால் காரியம் தெரிந்திருந்தது. “இதோட ஒயர்ல ஈயம் வெச்சுப் பத்தவெக்கக் கூடாது சார். வெச்சா செத்துடும். ஏன்னு தெரியாது. ரெண்டு சென்ஸார் போனப்புறம் தெரிஞ்சுக்கிட்டேன்” என்றார்.

நம் மொழியில் மனசாட்சி என்கிறோம். மனம் என்ற சாட்சி. நீதிபதி என்று சொல்லவில்லை, குரு என்று சொல்லவில்லை. சாட்சி தீர்ப்புச் சொல்வதில்லை, பார்த்ததைச் சொல்கிறது. தீர்ப்பையும் தண்டனையையும் வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் சாட்சியைத் தண்டிப்பது எளிதாக இருக்கிறது.

இனி அந்த பல்பு. மெக்கானிக் யாரையும் ஏமாற்றவில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். இரண்டு வழிகளையும் அவர் வெளிப்படையாகவே வைத்தார். விளக்கு எரிந்தால் வண்டி நின்றுவிடப் போவதில்லை. சென்ஸாரின் பேச்சு நின்றதும் இன்ஜினின் கணினி தன்னிடம் எழுதி வைத்திருக்கும் பொதுவான அளவுகளை வைத்துக்கொண்டு குருட்டாம்போக்கில் ஓட்டும். பெட்ரோல் கொஞ்சம் அதிகம் குடிக்கும். புகை கெடும். நாளாவட்டத்தில் வினையூக்கியும் பாழாகும். ஆனால் மீன் சென்னைக்குப் போய்விடும். ஆகவே, வண்டியை ஓட்டியபடியே உண்மையை மட்டும் இறக்கிவிட முடியும். இந்த சாத்தியம்தான் விஷயத்தைத் தார்மீகப் பிரச்னை ஆக்குகிறது. டயர் வெடித்தால் யாரும் தத்துவம் பேசுவதில்லை. மாற்றித்தான் ஆக வேண்டும்.

லாபக் கணக்கே போதும், தர்மம் எதற்கு என்று கேட்கலாம். பெட்ரோல் அதிகம் குடித்தால் நஷ்டம் அவருக்குத்தானே, மாற்றிக்கொள்வார் என்று. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் அவர் பொங்கலுக்குள் வண்டியை விற்றுவிட உத்தேசித்திருந்தார். இடையில் இருந்த சில மாதங்களுக்குப் பெட்ரோல் நஷ்டத்தைக் கூட்டிப் பார்த்தால் சென்ஸார் விலை, கூலி, நிற்கும் நாட்களின் வாடகை மூன்றையும் அது எட்டவில்லை. கணக்கு பல்பைப் பிடுங்கச் சொன்னது. கணக்கும் தர்மமும் ஒரே பக்கம் நிற்கிற இடங்களில் நாம் தர்மவான்களாக இருப்பதில் விசேஷம் ஒன்றுமில்லை.

சார்த்ர் 1943இல் வெளிவந்த தன் பெரிய நூலில், தனக்குத் தானே பொய் சொல்லிக்கொள்வதைப் பற்றி விரிவாக யோசிக்கிறார். ஏமாற்றுகிறவனும் ஏமாறுகிறவனும் ஒரே ஆள் என்பது அதில் உள்ள புதிர். பல்பு விஷயத்தில் அந்தப் புதிர் இல்லை என்று முதலில் தோன்றுகிறது. விளக்கு ஏன் எரியவில்லை என்பது வண்டிக்காரருக்குத் தெரியும், மெக்கானிக்குக்குத் தெரியும், பக்கத்தில் நின்ற எனக்கும் தெரியும். இதில் பொய் எங்கே? பொய் இன்னும் பிறக்கவில்லை, அவ்வளவுதான். ஆறு மாதத்தில் அவரே மறந்துபோவார். நாலாவது கைக்காரர் சாவியைத் திருப்பி, விளக்கு ஒன்றும் எரியவில்லை, இன்ஜின் சுத்தம் என்று பணத்தை எண்ணிக் கொடுப்பார். அந்தச் சமயத்தில் யாரும் வாய் திறந்து எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஐந்து நிமிஷ வேலையாகச் செய்த ஒன்று, சொல்ல ஆளில்லாமல் தானாகவே பொய்யாக முற்றியிருக்கும்.

வண்டியை வடிவமைத்தவர்களுக்கு இந்த ஆபத்து தெரிந்திருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு ஒரு தடவை எரிந்து, இன்ஜின் கிளம்பியபின் அணையும். நான் உயிரோடு இருக்கிறேன், இனி நான் எரியாவிட்டால் கோளாறு இல்லை என்று அர்த்தம் என்று அது தினமும் சொல்லிவிட்டுத்தான் மௌனமாகிறது. பேசக்கூடிய ஒன்றின் மௌனத்துக்குத்தான் பொருள் உண்டு. ஆரோக்கியத்தின் மௌனமும் நாக்கறுபட்ட மௌனமும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை நாட்டில் தணிக்கைக்கு உட்பட்டிருந்த பத்திரிகைகளைப் படித்துவிட்டு, எங்கும் ஒழுங்கு நிலவுகிறது, ரயில்கள் நேரத்துக்கு ஓடுகின்றன என்று திருப்திப்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் முட்டாள்களல்ல. பல்பு இருக்கிறதா என்று பார்க்கத் தவறியவர்கள்.

பல்பைப் பிடுங்குவது இந்தத் துறையின் கைத்தொழில் காலத்துக் குற்றம். அதற்கு மேல் நயமானவை உண்டு. வினையூக்கிக்குப் பின்னால் இரண்டாவது சென்ஸார் இருக்கும் வண்டிகளில், எல்லாம் சரியாக இருப்பதுபோல் வோல்ட் காட்டும் சிறு பொய்ப்பெட்டியை இடையில் கோத்துவிடுகிறார்கள். சாட்சியின் வாயைக் கட்டுவதைவிட இது ஒரு படி மேல்: பொய்ச் சாட்சியையே நியமித்துவிடுவது. இதன் உச்சத்தை 2015 செப்டம்பரில் உலகம் பார்த்தது. ஃபோக்ஸ்வாகன் கம்பெனி தன் டீசல் கார்களில், சோதனைச்சாலையில் ஓடுகிறோமா சாலையில் ஓடுகிறோமா என்று கண்டுகொள்ளும் நிரலை எழுதி வைத்திருந்தது. சோதனையில் கார் ஒழுக்கமாக இருக்கும். சாலைக்கு வந்ததும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளை அனுமதித்த அளவுக்கு நாற்பது மடங்கு வரைகூட வெளிவிடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை அறிவித்தது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் அந்த நிரல் இருந்ததாகக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. இதை எழுதியவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள். அவர்களுக்கு மரை துருப்பிடித்த கஷ்டமோ மீன் அழுகிவிடும் என்ற அவசரமோ இல்லை. இதைச் சொல்வது எங்கள் ஊர் மெக்கானிக்குக்கு வக்காலத்து வாங்க அல்ல. எளிய மனிதனின் அறத்தை அளப்பதற்கு நாம் வைத்திருக்கும் கோல், உயரத்தில் இருப்பவர்களுக்கு நீட்டும்போது சுருங்கிவிடுகிறது என்பதற்காக.

இன்னொரு கேள்வியும் இங்கே சேர்கிறது. அந்த சென்ஸார் ஏன் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது? அது இயற்கையின் நியதியல்ல. புகைக்குழாயில், சூடு கிடைக்கும் இடத்தில் அது இருந்தாக வேண்டும் என்பது சரி. ஆனால் குறுக்குச் சட்டத்துக்கும் வெப்பத்தைத் தடுக்கும் தகட்டுக்கும் நடுவில், ஸ்பானர் கால் சுற்றுக்கூடத் திரும்ப முடியாதபடி இருந்தாக வேண்டும் என்பதில்லை. யாரோ ஒருவர் மேஜையில் உட்கார்ந்து அப்படி வரைந்திருக்கிறார். புது வண்டி வாங்குகிற முதல் ஆளுக்கு அது பிரச்னையே அல்ல. அவர் காலத்தில் அது கெடாது. பத்து வருஷம் கழித்து, கடற்காற்று தின்ற வண்டியை மூன்றாவது கையாக வாங்குகிற ஆள்தான் அந்தக் கோட்டுக்கு விலை கொடுக்கிறார். வசதி உள்ளவனுக்கு உண்மை கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. இல்லாதவன் அதற்குப் பைப்பை இறக்க வேண்டியிருக்கிறது. நாணயம் என்பது எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைக்கிற சரக்கல்ல. அறவியல் பேசுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நானும் அன்று கவனிக்கவில்லை.

“மாத்திடுங்க” என்று சொன்னேன். காரணங்களும் சொன்னேன்: புகை, வினையூக்கி, வாங்கப் போகிற ஆள். சொல்லும்போது குரலில் ஒரு தெளிவு வந்ததையும், அது எனக்குப் பிடித்திருந்ததையும் இப்போது ஞாபகம் வைத்திருக்கிறேன். வண்டிக்காரர் தலையை ஆட்டினார். மெக்கானிக் என்னைப் பார்த்து, கோபமில்லாமல், “உங்களுக்கென்ன சார்” என்றார்.

இன்ஜினைச் சூடுபண்ணி, சூட்டில் இரும்பு கொஞ்சம் விரியுமென்று பார்த்தார். வரவில்லை. துரு விடும் எண்ணெயை ஊற்றி ஓர் இரவு விட்டார். வரவில்லை. மறுநாள் ஒயர் நுழைய வாகாகப் பக்கவாட்டில் வெட்டு விட்ட ஒரு ஸாக்கெட்டைச் செங்கல்பட்டிலிருந்து இரவல் வாங்கி வந்தார். பைப்பை இறக்கி, கேஸில் காய்ச்சி, நீளக் குழாய் மாட்டித் திருப்பினார்கள். சென்ஸார் வந்தது, வரும்போது மரையையும் தின்றுகொண்டு வந்தது. மரையைத் திரும்ப வெட்டி எடுக்க இன்னொரு பொழுது ஆயிற்று. அதற்குள் இரண்டு இரவுச் சவாரி போய்விட்டது. மீன்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள். வேறு வண்டி பிடித்தார்கள். அதில் ஒருவர் அந்த வேறு வண்டியோடேயே தங்கிவிட்டார்.

ஆக, நான் பேசிய உண்மைக்கு இன்னொருவர் பணம் கட்டினார். இதிலிருந்து நான் சொன்னது தப்பு என்று முடிவுகட்டிவிடலாமா? சில நாட்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏழையின் நிர்ப்பந்தத்தின் முன்னால் தர்மம் பேசுவது வயிறு நிறைந்தவனின் ஆடம்பரம் என்ற வாதம் நம் வட்டாரத்தில் பழக்கமானது. சொல்கிறவருக்குக் கொஞ்சம் மரியாதையையும் சம்பாதித்துத் தருவது. ஆனால் அந்த வாதத்துக்குள்ளும் ஒரு அவமரியாதை இருக்கிறது. அவரால் நாணயமாக இருக்க முடியாது, அதை அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது என்று அது சொல்கிறது. அவர் என்னிடம் கேட்டதே, அவருக்குள்ளும் அந்தக் கேள்வி இருந்ததால்தான். பல்பைப் பிடுங்குவதென்றால் என்னிடம் கேட்டிருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வழி ஒன்றும் இருந்தது. எங்கள் மூவருக்குமே அது அப்போது தோன்றவில்லை. விளக்கை எரிய விட்டுவிடுவது. முடிந்தபோது மாற்றுகிறேன், அதுவரை இது கோளாறுள்ள வண்டி என்று ஒப்புக்கொண்டு ஓட்டுவது. வாங்க வருகிறவரிடம் எரியும் விளக்கோடு காட்டி, விலையைக் குறைத்துக்கொள்வது. புதுப்பட்டினத்துக்கு வடக்கே மகாபலிபுரத்தில் பாதியில் நின்றுபோன குடைவரைகள் பல இருக்கின்றன. பாறையைக் கட்டம் கட்டமாக வெட்டி, கட்டங்களைப் பெயர்த்தெடுக்கும் தறுவாயில் விட்டுப் போயிருக்கிறார்கள். பதின்மூன்று நூற்றாண்டுகளாக அவை, இதுவரைதான் வந்தோம் என்று சொல்லிக்கொண்டு நிற்கின்றன. புகை கெடத்தான் செய்யும். அந்தப் பாவம் அப்படியே இருக்கும். ஆனால் பாவத்தின் மேல் பொய் ஏறாது. முடியாததை முடியவில்லை என்று காட்டுவது இரண்டாந்தர நேர்மையாக இருக்கலாம். கையில் காசில்லாதவனுக்கு எட்டக்கூடிய நேர்மை அது. படித்தவன் என்ற முறையில் நான் சொல்லியிருக்க வேண்டியது அதைத்தான் என்று இப்போது படுகிறது.

இந்தக் கரையில் இருந்துகொண்டு எச்சரிக்கை விளக்கைப் பற்றி எழுதும்போது ஒன்றை எழுதாமல் தாண்ட முடியாது. 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிவாக்கில் சுமத்ராவுக்கு அருகே பூமி அதிர்ந்தது. அலை இங்கே வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கடல்நீர் பம்பு அறைக்குள் தண்ணீர் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. உலைக்கு உணர்கருவிகள் இருந்தன. மனிதர்களுக்கு இல்லை. குப்பங்களிலும் நிலையத்தின் குடியிருப்பிலும் உயிர்கள் போயின. அந்த இரண்டு மணி நேரம் முழுக்க, செய்தி உலகத்தில் எங்கோ இருந்தது. இங்கே ஒரு விளக்கும் எரியவில்லை. இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை மையம் ஐதராபாத்தில் 2007 அக்டோபரில்தான் ஏற்பட்டது. வண்டிக்காரரிடம் நான் இதைச் சொல்லி வாதாடவில்லை. அவர் வீட்டில் அன்று நடந்தது எனக்குத் தெரியும். அதை எடுத்து ஒரு சென்ஸாருக்கு ஆதாரமாக வைக்க எனக்கு உரிமை கிடையாது. ஆனால் எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம்: விளக்கில்லாமல் போனதற்கு இவ்வளவு விலை கொடுத்த ஊரில், எரிகிற விளக்கைத் தொந்தரவு என்று நினைக்கிறோம். அலையும் சென்ஸாரும் ஒன்று என்று சொல்லவில்லை. பழக்கம் ஒன்று.

நம் சின்ன வட்டத்துக்கும் இது பொருந்தாமல் இல்லை. விமர்சனம் இலக்கியத்தின் மனசாட்சி என்று நாம் ரொம்பநாளாகச் சொல்லிவருகிறோம். இருநூறு பேர் எழுதி, அதே இருநூறு பேர் படித்து, ஒருவருக்கொருவர் முன்னுரையும் மதிப்புரையும் எழுதிக்கொள்கிற இடத்தில் சாட்சிக்கு வெளிக்காற்று எங்கிருந்து வரும்? இரண்டு பக்கமும் ஒரே புகையாக இருந்தால் கருவி நன்றாக இருந்தும் வோல்ட் காட்டாது. பிறகு, யாரும் குறை சொல்லவில்லை, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறோம். நண்பரின் தொகுப்பில் பாதி தேறாது என்று தெரிந்தும் நான் எழுதாமல் விட்ட மதிப்புரைகள் உண்டு. அவை எட்டாத இடத்தில் இருந்தன என்று சொல்ல முடியாது. மேஜை மேல்தான் இருந்தன. பைப்பை இறக்க வேண்டியதில்லை, மரையும் துருப்பிடித்திருக்கவில்லை. வண்டிக்காரருக்கு அத்தனை தெளிவாகச் சொன்னவன் அங்கே பல்பைப் பிடுங்கியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் மாலை புது சென்ஸாரைப் பொருத்தினார்கள். மெக்கானிக் மரையில் மட்டும் பசை தடவினார். நுனியில் விரல் படாமல் பார்த்துக்கொண்டார். பையன் வரவில்லை என்பதால் நான் கீழே படுத்து டார்ச் பிடித்தேன். முதுகுக்குக் கீழே கோணி, முகத்தில் துருப்பொடி. அவர் கை அந்த இடுக்குக்குள் போய், கண்ணால் பார்க்காமல், விரல் நுனியாலேயே மரையைத் தேடி, இரண்டு தடவை தப்பி, மூன்றாவது தடவை பிடித்துத் திருப்பியதைப் பார்த்தேன். அந்த இடத்தில் அவர் என்ன செய்தாலும் வண்டிக்காரருக்குத் தெரியப் போவதில்லை. பழையதையே துடைத்து மாட்டிவிட்டுப் புதியது என்று காசு வாங்கினாலும் சில நாட்களுக்கு யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். எட்டாத இடம் என்பது பார்வைக்கும் எட்டாத இடம். அங்கே ஒரு மனிதர் ஒழுங்காக மரையைத் தேடிக்கொண்டிருந்தார். பல்பைப் பிடுங்கலாம் என்று சொன்னவரும் அவர்தான். இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் பார்த்தபின், மனிதர்களை நாணயமானவர்கள், அல்லாதவர்கள் என்று பிரித்து வைப்பதில் எனக்கிருந்த சுலபம் போய்விட்டது. அவரும் ஊசலாடிக்கொண்டிருந்தார். ஒரே எண்ணில் நிற்கவில்லை.

சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்தது. இன்ஜின் கிளம்பியதும் அணைந்தது.

கூலியில் பாதியை நான் கொடுத்தேன். சவாரி போன நஷ்டத்துக்கு அது எந்த மூலைக்கும் காணாது. வண்டிக்காரர் மறுக்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. வாங்கி எண்ணிப் பார்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. உதவி என்று எடுத்துக்கொண்டிருந்தால் நான் இன்னும் வெளியாள். என் வார்த்தைக்கு ஆன செலவில் என் பங்கை வசூல் செய்துகொண்டார்.